அழிசியின் முழங்கால் குறித்துக் கருநொச்சி வேந்தருக்கு

நலம் நிலைபெறுக. மழை தவறாத மலைமுகடுகளின் காவலரும், மூன்று கணவாய்களுக்கு உரியவரும், ஏழ்துறை நாட்டுக்கு இளமை தொட்டே இனியவருமாகிய கருநொச்சி வேந்தர் வெண்கோடனார் திருமுன்பு, ஏழ்துறை அரசி நீலங்கோதையார் ஆணையால் அவர்தம் ஓலைநாயகம் எயினம்மை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிரம்புக. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. எல்லைப் போரில் கால் இழந்த தங்கள் வீரர் நானூற்றுவரும் தேறி எழுக.

அந்த நானூற்றுவருக்கும் எந்திரக்கால் செய்து தருவதாகத் தாமிரப்பட்டினத்துக் கம்மியர் உடன்படிக்கை நீட்டியிருப்பதையும், வரும் முழுநிலா நாளில் தாங்கள் அதில் முத்திரை இட இருப்பதையும் அரசியார் அறிந்தார். இடுமுன், இந்நாட்டு ஓலைக்காரன் அழிசிக்கு நேர்ந்ததைத் தாங்கள் கேட்டருள வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அழிசியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாங்கள் இளவரசராக இருந்த நாளில், அரசியாரின் மணவோலையோடு கணவாயை இரண்டே பகலில் ஓடிக் கடந்தவன் அவன். மணி கட்டிய கோலை வாயிலில் சாய்த்துவிட்டு, மூச்சு அடங்குமுன் பலாச்சுளை கேட்டான் என்று தாங்களே சொல்லிச் சிரித்ததுண்டு. அந்நாளில் அவன் மணியோசை தொலைவில் கேட்டதுமே வழியில் வண்டிகள் ஒதுங்கும். தண்ணீர்ப் பந்தலில் மோர் கலக்கத் தொடங்குவார்கள். அவன் எதையும் நின்று குடித்ததில்லை. ஓட்டத்திலேயே வாங்கி ஓட்டத்திலேயே குவளையைத் திருப்பி எறிவான்.

பதினோராண்டுக்கு முன், மூங்கிற்பாலச் சண்டையில் அவனுடைய வலக்கால் தொடையோடு போயிற்று. ஊன்றுகோலில் இரண்டு ஆண்டு கழித்தான். பிறகுதான் தாமிரப்பட்டினத்திலிருந்து மூத்த கம்மியர் தழும்பனார் வந்து, எங்கள் துறைமுகத்தில் பட்டறை இட்டார். அழிசியையும் சேர்த்துப் பத்தொன்பது வீரர்களுக்கு எந்திரக்கால் செய்தார்.

அந்தப் பட்டறையின் முதல் மூன்று ஆண்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அழிசிக்கு இன்றும் முகம் மலர்ந்துவிடும். தழும்பனார் முழங்காலின் செப்புக் குமிழைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை ஒவ்வொருவருக்கும் காட்டுவாராம். அவர் சொன்னதை அழிசி அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான்: "இது வில்லு. இது பல்சக்கரம். இதுக்கு நடுவுல தோல்வளையம். கிறீச்சுன்னா ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. தேஞ்சு போனா செருப்புத் தோலை வெட்டிப் போடு. உன் காலு, நீதான் பார்த்துக்கணும்." மாலைதோறும் வீரர்கள் கால்களைக் கழற்றி முற்றத்தில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். மீன்பிடிக்கப் போகிறவன் ஒருவன், மணலில் புதையாதபடி பாதத்தை அகலமாக்கினான். ஒரு வாரத்துக்குள் கரையோர வீரர் எல்லாருக்கும் அகன்ற பாதம். யார் கண்ட திருத்தம் என்று யாரும் கேட்டதில்லை. தனக்கும் வேண்டும் என்று கேட்டால் கண்டவனே வந்து பொருத்திக் கொடுப்பான்.

தழும்பனார் காலமானபின் பட்டறை அவர் மருமகன் வயிரவணனிடம் வந்தது. அவன் எல்லாக் கால்களையும் எண்ணெய் இட வாங்கி, குமிழ்களை ஈயத்தால் அடைத்துத் திருப்பித் தந்தான். கூடவே ஓர் உடன்படிக்கை: நடப்பது வீரருடையது, கால் கம்மியருடையது, அடைப்பை உடைத்தவர் காலைத் திருப்பித் தந்துவிட வேண்டும். அதைத் தன் கையால் எழுதி, அரச முத்திரையை இட்டவர் இவ்வோலை விடுக்கும் எயினம்மையே. சிறு செய்தி என்று எண்ணி இட்டார். அன்று அழிசியை அழைத்து ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை.

அடைத்த குமிழுக்குள் அடிகளை எண்ணும் சக்கரம் ஒன்றும் புதிதாக இருந்தது பின்னரே தெரிந்தது. அந்த வீரர்களுள் சந்தைக் காவலனாக இருந்த ஒருவன் நாளொன்றுக்குக் குறைந்த அடிகளே நடக்கிறான் என்று கம்மியர் அவன் தலைவனிடம் சொல்ல, காவலனுக்கு வேலை போயிற்று.

சென்ற ஆண்டு, படித்துறையில் இறங்கும்போது அழிசியின் முழங்கால் மடங்காமல் நின்றுவிட்டது. ஓசையைக் கேட்டதுமே அது தோல்வளையம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உடன்படிக்கையை மதித்து, அதற்குள் தங்கள் நாட்டுக்குப் பெயர்ந்துவிட்ட பட்டறைக்குப் பதினைந்து நாள் மாட்டுவண்டியில் போனான்; ஒருகாலத்தில் இரண்டு பகலில் ஓடிய வழி. அது பழைய வகைக் கால், இனி அதைச் செப்பனிடுவதில்லை, புதியது வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தன் கண்முன்னே திறந்து காட்டினால் போதும், தானே சரிசெய்துகொள்வதாக மன்றாடினான். அதற்கும் இசையவில்லை.

திரும்பி வந்தவன் ஒன்பது நாள் வீட்டைவிட்டு வெளிவரவில்லை. பத்தாம் நாள் முற்பகலில், சந்தை நடுவே, விளக்கு வார்க்கும் சேந்தியின் கடைமுன் உட்கார்ந்து, அவளிடம் உளி வாங்கி ஈயத்தை உடைத்தான். உள்ளே விரல்நகம் அளவு தோல் நைந்து கிடந்தது. தன் செருப்பு ஓரத்தை வெட்டிப் போட்டான். எழுந்து நடந்தான். சேந்தி அந்தக் குமிழின் உள்ளமைப்பை அங்கேயே ஓலையில் வரைந்துகொண்டாள்.

கம்மியர் முறையிட, வழக்கு அரசியார் அவைக்கு வந்தது. அடைப்பு இல்லையேல் கைப்பழக்கம் அற்றவரும் காலைத் திறந்து செப்பனிடத் துணிவர், அது உடைந்து வீரர் விழுந்தால் பழி தமக்கே என்று வயிரவணன் உரைத்தான். அதிலும் சிறிது உண்மை உண்டு. எயினம்மை எழுதிய உடன்படிக்கையை எயினம்மையே அவையில் படிக்க நேர்ந்தது. படித்து முடித்ததும் அழிசி வாரை அவிழ்த்து, காலைக் கழற்றி, வயிரவணன் முன் வைத்தான். அவன் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறோம்:

"ஓலையில அப்படித்தான் இருக்கு, நான் இல்லேங்கலை. காலு உங்களுது, எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா இது எப்படி மடங்குதுன்னு எனக்குத் தெரியுமே. அதை எந்த வாரை அவிழ்த்து உங்ககிட்டக் குடுக்க?"

 வயிரவணன் காலை எடுத்துக்கொண்டான். அவையில் இருந்த மற்றப் பதினெண்மரில் எவரும் அவனோடு சேர்ந்து தம் காலைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல யாருக்கும் மனம் வரவுமில்லை. அழிசி ஊன்றுகோலில் வெளியேறினான். அவன் கொடுத்ததைத் திரும்பக் கேட்காமல், இனி அந்த உடன்படிக்கை செல்லாது என்று அன்றே அரசியார் நீக்கினார்.

இரண்டு மாதம் முயன்று சேந்தியும் அவனும் பலாமரத்தில் ஒரு கால் செய்தார்கள். மறைப்பதற்கில்லை, அது பழையதைவிடக் கனம், படியேறும்போது முனகும், அவன் இருமுறை விழுந்தான். பழைய முழங்கால் பூனைபோல் ஓசையின்றி மடங்கும் என்று ஏக்கத்தோடு சொல்வான். அதே உடன்படிக்கைக்கு அவன் மட்டும் தனியே இசைந்தால் அதையே திருப்பித் தருவதாகக் கம்மியர் ஆள் அனுப்பினார்கள். "வேணாம்யா, ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டு மடக்க முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டான். இப்போது அவன் காலின் முனகலைக் குறைக்க, கரையோர மீனவன் ஒருவன் வழி கண்டுபிடித்திருக்கிறான்.

ஆகவே வேந்தர் அறிக. தாமிரப்பட்டினத்தார் கைவேலையில் எங்களுக்குக் குறை இல்லை. அடைப்பில்லாமல், எண்ணும் சக்கரமில்லாமல் செய்ய இசைந்தால் அவர்களுக்கே பணி தருக. இசையாவிடில், இத்துடன் வரும் ஒன்பது ஏடுகளில் சேந்தி வரைந்த அமைப்பு முழுதும் உள்ளது. தங்கள் கம்மியர் அதைப் பார்க்கலாம், படியெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், வேண்டியவர்க்குக் கொடுக்கலாம். கட்டளை ஒன்றே: இதைக் கொண்டு செய்ததை யாரும் அடைக்கக் கூடாது, கண்ட திருத்தத்தை ஒளிக்கவும் கூடாது.

இது ஏழ்துறை அரசியார் ஆணை. அரச முத்திரை இவ்வோலையின் அடியில், சொன்னதற்குச் சான்றாக மட்டுமே இடப்பட்டது, கட்டின்மேல் இடப்படவில்லை. வழியில் எவரும் அவிழ்த்துப் படிக்கலாம். படித்தவர் மீண்டும் கட்டி அனுப்புக.