அத்தையும் மருமகளும் ஏறிய படிகள்

அத்தை,

இன்று காலை உங்கள் நீலப் புடவையை மடித்துப் பீரோவில் வைக்கும்போது, அதற்குள் சுருட்டி வைத்திருந்த ரவிக்கை கீழே விழுந்தது. நேற்று உங்கள் வருஷத் திதி. படையலுக்கு வைக்க எடுத்த புடவை அது. ரவிக்கையை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒன்றுக்கு உள்ளே ஒன்றாக நான்கு தையல்கள். முதலாவது, தையல்காரர் போட்டது. மற்ற மூன்றும் நீங்கள் கையால் போட்டவை, ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி. "தொளதொளன்னு இருக்குதே, புதுசா தைக்கக் குடுக்கட்டுமா?" என்று நான் கேட்டபோது, "இன்னும் இளைப்பேன். இப்பவே எதுக்கு?" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உங்கள் கடைசி நாளைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு முந்தைய ஒன்றேகால் வருஷத்தைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் ஓர் ஆட்டோவில் ஆரம்பித்தது. ஆடி மாதம், கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த ஒரு நாள். அம்மையார்குப்பத்திலிருந்து உங்கள் தம்பி குடும்பம் பேத்திக்கு முடி இறக்க மலைக்கு வந்திருந்தது. எல்லாரும் படியேறினார்கள். நாமும் ஏறிப் பார்த்தோம். நீங்கள் இருபதாவது படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் நாற்பதில் நின்றுவிட்டேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. உங்களுக்கு அறுபத்தொன்று, எண்பத்தெட்டு. இறங்கி வந்து ஆட்டோ நிறுத்தத்தில் நின்றோம். டிரைவர் நம் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சேந்து ஒக்காந்தா மேட்டுல வண்டி இஸ்துகினு போவாதும்மா. ஒருத்தர வுட்டுட்டு வந்து இன்னொருத்தர இட்டுகினு போறேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் அந்த ஆளை ஒரு வாங்கு வாங்குவீர்கள் என்று காத்திருந்தேன். தெருவில் உங்கள் வாய்க்கு பயப்படாதவர் கிடையாது. ஆனால் நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல அவள இட்டுகினு போ" என்றீர்கள். இரண்டு நடையில் நாம் மேலே போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மொட்டை அடித்து, சந்தனமும் பூசி முடித்திருந்தார்கள்.

அதுவரை ஒன்பது வருஷமாக நாம் பேசிக்கொண்டதெல்லாம் அரிசி, கேஸ், தண்ணீர் மோட்டார் இவ்வளவுதான். "வந்தப்போ எப்படி இருந்தா, இப்போ பாரு" என்று பக்கத்து வீட்டில் நீங்கள் சொல்வது சமையலறைக்குக் கேட்கும். நானும் சளைக்கவில்லை. "முட்டி வலின்னு ஒக்காந்த எடத்துல வேலை வாங்குறாங்க" என்று அம்மாவிடம் போனில் சொல்வேன். அந்த ஆட்டோவுக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கள் இரண்டு பக்கமும் நின்றுபோயின.

நாலு நாள் கழித்து, விடியும் நேரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் வெளியே போனேன். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஏழு வரை உட்கார்ந்தே டைப் அடிக்கிற உடம்பு. ரயில்வே கேட் வரை போய்த் திரும்ப நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் திரும்பி வரும்போது நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

"எங்க போய்கினு வரே?"

"நடக்கத்தான் அத்த. கேட் வரைக்கும்."

"நாளிக்கு நானும் வரேன்."

"உங்க முட்டி?"

"முட்டி என்னுது. நான் பாத்துக்கறேன்."

உங்களுக்குச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து எழுதும் டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொண்டுதான் கூட்டிப் போனேன் என்பதை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. "மெதுவா நடக்கட்டும், நெஞ்சு வலிச்சா உடனே நிக்கணும்" என்று அவர் உங்கள் முன்னால்தான் சொன்னார். ரப்பர் செருப்போடு இரண்டு நாள் வந்தீர்கள். வெடித்த குதிகால் எரிந்தது. உங்கள் பிள்ளை போட்டுக் கழித்த ஷூவை எடுத்து, முன்பக்கம் துணி அடைத்து மாட்டிக்கொண்டீர்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏம்மா, பொடவையில ஷூவா? என்கூட ட்ரெயின்ல வரவனுங்க பாத்து சிரிக்கறானுங்க."

"நைனா, அவனுங்களுக்கு முட்டி வலிச்சா நான் சிரிக்கறனா?" என்று கேட்டுவிட்டு, குனிய முடியாமல் காலை என் பக்கம் நீட்டினீர்கள். நான்தான் நாடா கட்டினேன்.

டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வாரம் பார்த்துவிட்டு எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள். "அத்தையும் மருமவளும் ஒலிம்பிக்குக்குப் போறாங்கோ." நான் தலையைக் குனிந்து நடையை வேகமாக்கினேன். நீங்கள் நின்றீர்கள். அவர்களைப் பார்த்து, "ஆங், போறோம். எடம் இருக்குது, நீயும் வா" என்றீர்கள். அந்த ஆள் பிறகு நம்மைப் பார்த்தால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

நம்மைப் பெரிய வீராங்கனைகள் என்று எழுத எனக்கு ஆசையில்லை. போண்டா விஷயத்தையும் எழுதத்தானே வேண்டும். ராத்திரிச் சோற்றை நிறுத்தி இரண்டு பேரும் கேழ்வரகுக் கூழுக்கு மாறியிருந்தோம். எனக்கு மாதம் ஒன்றரைக் கிலோ குறைகிறது, உங்களுக்கு முள் அசையவே இல்லை. ஏன் என்று புரியாமல் இருந்தபோது, மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த நான் மார்க்கெட் திரும்பும் இடத்தில் உங்களைப் பார்த்தேன். கையில் பேப்பர் தட்டு, அதில் மூன்று போண்டா, மேலே சட்னி. நடுத்தெரு என்றும் பார்க்காமல் நான் கத்தினேன். "இன்னும் கொஞ்ச நாளு இருக்கப்போறவள எதுக்குடி அதட்டறே?" என்று நீங்களும் கத்தினீர்கள். பதினோரு நாள் நாம் பேசவில்லை. ஆனால் பதினோரு நாளும் காலையில் நடந்தோம். நான் பத்தடி முன்னால், நீங்கள் பத்தடி பின்னால். பன்னிரண்டாம் நாள் பின்னாலிருந்து குரல் வந்தது: "மெதுவாப் போயேன். போண்டா துண்றத வுட்டுட்டேன்." முழுக்க விடவில்லை என்பது எனக்குத் தெரியும். வாரம் ஒன்று என்று குறைத்தீர்கள். அது போதும் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

ஐந்தாவது மாதம் மலைப்படிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் வாரம் முப்பது படி. பொங்கல் சமயம் எழுபது. மாசியில் நூற்றைம்பது. மொட்டை போட்ட குடும்பங்களும், கூடை தூக்கிக்கொண்டு பூ விற்பவர்களும் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். பாதியில் திரும்பி இறங்கும்போது, "சாமி பாக்காமப் போறீங்களே" என்று ஒரு அம்மா ஆச்சரியப்பட்டாள். "அவரு எங்கயும் போவ மாட்டாரு" என்றீர்கள்.

சித்திரையில் ஒரு நாள் முந்நூற்று அறுபத்தைந்து படியும் முடிந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சன்னதிப் பக்கம் திரும்பினேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்து ஓரத்துக்குக் கூட்டிப் போனீர்கள். கீழே ஊர், ரயில் பாதை, அதைத் தாண்டி வயல். "சாமிய அப்பறம் பாக்கலாம். நம்ம வூடு எங்க இருக்குது, காட்டு" என்றீர்கள். தண்ணீர் டேங்கை வைத்து அடையாளம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நாற்பது வருஷம் இந்த ஊரில் குடித்தனம் செய்தும் மேலேயிருந்து நின்று நிதானமாகப் பார்த்ததில்லை என்றீர்கள்.

ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை, மழை. அன்று நாம் நடக்கப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தீர்கள். முதுகில் என்னவோ செய்கிறது என்றீர்கள். தண்ணீர் எடுத்து வருவதற்குள் சாய்ந்துவிட்டீர்கள். ஆம்புலன்ஸ் திருவள்ளூர் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அரக்கோணத்திலிருந்து உங்கள் மகள் வந்தாள். உங்கள் காலடியில் விழுந்து அழுதவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "படியேத்தி படியேத்தியே எங்கம்மாவக் கொன்னுட்டா" என்றாள். வீடு நிறைய ஆட்கள். உங்கள் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அவளை மறுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, பாதி தாண்டிய பிறகு, உட்கார வேண்டும் என்றீர்கள். "இன்னும் பத்து படி அத்த, மண்டபம் வந்துடும், நிழல்ல ஒக்காரலாம்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினீர்கள். அந்தப் பத்துப் படி என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போதும், டைப் அடிக்கும்போதும் அதுதான். காரியம் முடிவதற்கு முன்பே உங்கள் பழைய சீட்டுக்களை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடம் போனேன். பத்துப் படியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் எல்லாத் தாளையும் புரட்டினார். "ரத்தக்குழாய் பல வருஷமா அடைச்சிகினு வந்திருக்கும்மா. நடந்ததால போனாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நடக்காம இருந்திருந்தா எப்போ போயிருப்பாங்கன்னும் என்னால சொல்ல முடியாது" என்றார். அவ்வளவுதான். முழு விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பதினாறு முடிந்த மறுநாள் விடியற்காலையில் நடக்கப் போக என் ஷூவை எடுத்தேன். உங்கள் பிள்ளை எழுந்து வந்தார்.

"கொஞ்ச நாளு வுட்டுடேன். ஊரு என்னா பேசும்?"

"ஊரு பேசி முடிச்சிடுச்சிங்க. அதுக்கு மேல பேச என்ன இருக்குது?"

போனேன். டீக்கடையில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். எதிர்வீட்டுப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மாமியார் செத்து ஒரு மாதம் ஆகவில்லை, இவள் உடம்பு இளைக்கப் போகிறாள் என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்கு வந்து சேர்ந்தது. நான் நின்றிருந்தால் உங்கள் மகள் சொன்னதற்குக் கையெழுத்துப் போட்டதாக ஆகியிருக்கும். நடை உங்களைக் கொன்றது என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அதை நான் செய்ய மாட்டேன். அழுதுகொண்டே நடந்த நாட்கள் உண்டு. நடக்காத நாள் மழை நாள் மட்டும்தான்.

நேற்று திதிக்கு உங்கள் மகள் வந்தாள். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கிடந்த என் ஷூவைப் பார்த்துவிட்டு, உங்கள் தம்பியிடம் சொல்வதுபோல, "எங்கம்மா போயும் அவங்களுக்குப் புத்தி வரல" என்றாள். ஒரு வருஷம் அடக்கி வைத்தது நேற்று வெளியே வந்தது. நான் குரலை உயர்த்தவில்லை.

"உங்கம்மா நாலு வருஷமா பாத்ரூம்ல முக்காலி போட்டு ஒக்காந்துதான் குளிச்சாங்க. முதுகு நான் தேச்சு வுடுவேன். கடைசி ஒரு வருஷம் கதவ சாத்திகினு நின்னுகினே குளிச்சாங்க. பாட்டு சத்தம் வெளிய கேக்கும். நீ தீபாவளிக்கு வந்து ரெண்டு நாளு இருந்துட்டுப் போனவ, உனக்குத் தெரியாது. பத்து படி நான் கூட ஏறச் சொன்னேன், அது உண்மை. அதுக்கு உங்கம்மா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். உனக்குச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

முக்காலி விஷயம் அவளுக்குத் தெரியாதுபோல. முகம் மாறியது. ஆனால் சமாதானமாகவும் இல்லை, சாயங்கால ரயிலுக்கு சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாள். ரயிலடி வரை கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்த உங்கள் பிள்ளை சமையலறை வாசலில் நின்று, "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றார். சொல்லியிருக்க வேண்டும்தான். அதையும் அவரிடம் சொன்னேன்.

எனக்கு இப்போது எழுபத்தொன்பது கிலோ. ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் இன்னும் குண்டம்மாதான். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

இன்று காலை மழை விட்டிருந்தது. ஞாயிறு இல்லை, இருந்தாலும் மலைக்குப் போனேன். நீங்கள் படியேறும்போது உங்கள் பிறந்த வீட்டுப் பாஷையில் எண்ணுவீர்கள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. நூறு வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி ஒகட்டியிலிருந்து ஆரம்பிப்பீர்கள். நூறுக்கு மேல் எண்ணினால் பயம் வரும் என்பீர்கள். கூடவே ஏறி ஏறி அது என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. தமிழில் எண்ணினால் எனக்குக் கால் எழுவதில்லை. இன்று மூன்றாவது நூறை முடித்துவிட்டு, மூச்சு வாங்க, சத்தமாகவே "ஒகட்டி" என்றேன். பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஆந்திராப் பெண் ஒருத்தி முகம் மலர்ந்து என்னிடம் தெலுங்கில் என்னவோ கேட்டாள். எந்த ஊர் என்று கேட்டிருப்பாள்.

"எனக்குத் தெலுங்கு வராதும்மா. எங்க அத்த எண்ணுவாங்க, அது மட்டுந்தான் தெரியும்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்துக்கொண்டே என்னோடு சேர்ந்து எண்ணினாள். ரெண்டு, மூடு, நாலுகு. அறுபத்தைந்து படி மீதி இருந்தது.