நெனிதா திருப்பித் தந்த கிண்ணம்

நெஸ்டர்,

ஞாயிறன்று சமைத்து இன்றைக்கென்று வைத்திருந்த அடோபோ கறியை நீ பக்கத்து வீட்டு நெனிதாவுக்குக் கொடுத்துவிட்டாய் என்று நேற்று கத்தினேன். "இங்க என்ன சத்திரமா நடத்துறோம்?" என்றது அவளுக்கும் கேட்டிருக்கும்.

காலையில் கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள். வெறுங்கிண்ணமாகத் தரக்கூடாதென்று முருங்கைக்கீரை நிறைத்திருந்தாள். "கப்பல் வேலைக்குப் போன வீட்டுக்காரரு ரெண்டு மாசமா பணம் அனுப்பலக்கா" என்றாள்.

அந்தக் கீரையைப் பாசிப்பயறோடு வேகவை. இந்த வாரச் செலவுக்குப் பணம் போட்டு வைத்த உறையில் நூற்றிருபது பெசோதான் மிச்சம். கருவாடு வாங்கு, பீர் வாங்காதே.

அவளையும் பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிடு. நான் கூப்பிட்டால் வரமாட்டாள்.

- உன் மனைவி மரிவிக்

பி.கு. எனக்கு எடுத்து வைக்காதே. அவள் கேட்டால், வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டுவிடுவேன் என்று சொல்.