பார்க்கக்கூடாத முகம்

9-7-1934
இன்று எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன். முந்தாநாள் எட்டாம் மாதத்திலேயே பெண் பிறந்துவிட்டாள். நட்சத்திரம் தகப்பனுக்கு ஆகாது என்று பழவங்காடி ஜோசியர் கணித்துவிட்டார். அதே நட்சத்திரம் மறுபடி வரும் நாளில், எண்ணெய்க் கிண்ணத்தில் நிழல் பார்த்த பிறகுதான் நான் நேரில் முகம் பார்க்கலாமாம். பிரசவத்துக்கு உதவ வந்த விஜயம் அக்கா கதவை மறித்து நிற்கிறாள். என் வீடு, என் பெண்டாட்டி, என் குழந்தை - நான் கூடத்தில்!

10-7
மங்கலத்துக்குக் கடும் ஜுரம். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. குழந்தையை அணைத்துக்கொள்ள முடியவில்லை. விடாத மழை வேறு. மருத்துவச்சி எலிசாள் வெளியே வந்து, "பிள்ளை தணுத்துப் போச்சு சாமி. துணி போதாது. ஆராவது நெஞ்சோட சேத்து வைக்கணும்" என்றாள். அக்காவைப் பார்த்தேன். தீட்டாம், மடி போனால் அடுப்பை யார் பார்ப்பது என்கிறாள். அடுப்பு!

உள்ளிருந்து மங்கலம் குரல்: "நீங்க எடுத்துக்கோங்கோ. உங்களுக்கும் அதே தீட்டுதானே."

தாலுகா கச்சேரியில் நாள் முழுக்க ரூல் பேசுகிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

10-7, சாயங்காலம்
பெரிய ரகளை. "முகம் பார்க்கத்தானே கூடாது? நெஞ்சிலே வச்சுக்கக் கூடாதுன்னு எந்தப் பஞ்சாங்கத்திலே இருக்கு?" என்று கத்தினேன். "கண்ணைத் திறந்துண்டு எப்படிடா பார்க்காம இருப்பே?" என்றாள் அக்கா. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணில் கட்டிக்கொண்டேன். "போருமா?"

எலிசாள் குழந்தையை என் வெற்று மார்பில் வைத்துக் கம்பளி போர்த்தினாள். எடையே இல்லை. ஜில்லென்று இருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு குட்டிக் கால் என் வயிற்றை உதைத்தது. அழுதுவிட்டேன். துண்டு இருந்தது நல்லதாயிற்று.

14-7
மங்கலத்தின் பாலை எடுத்து எலிசாள் சங்கில் புகட்டுகிறாள். மற்ற நேரமெல்லாம் குழந்தை என் மேல்தான். மோவாயை அவள் உச்சந்தலையில் வைத்துக்கொண்டால் முகம் தெரியாது, துண்டு வேண்டியதில்லை. "பெண்டாட்டி பிரசவத்துக்கு உமக்கென்ன ஓய் லீவு?" என்று ஹெட் கிளார்க் சொல்லியனுப்பியிருக்கிறார். போய்யா!

22-7
"மூக்கு யாரு மாதிரின்னு சொல்லட்டுமாடா?" என்றாள் அக்கா. சீறி விழுந்தேன். குழந்தையின் மூச்சும் விக்கலும் எனக்குத் தெரியும். மூக்கை மட்டும் இவள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுமா?

3-8
எண்ணெயில் விளக்கு வெளிச்சம்தான் தெரிந்தது. முகம் தெரிந்ததாகச் சொல்லிவிட்டு நேரிலேயே பார்த்துக்கொண்டேன்.

மங்கலத்துக்கு நேற்றுதான் ஜுரம் விட்டது. இன்று முதல்முறையாக அவள் கையில் கொடுத்தேன். குழந்தை வீறிட்டாள். என்னிடம் வந்ததும் அடங்கினாள். மறுபடி கொடுத்தால் மறுபடி வீறிடல். "என்னை அதுக்குத் தெரியவேயில்லை. நீங்களே எடுத்துண்டுட்டேள்" என்றாள் மங்கலம். நீதானே எடுத்துக்கச் சொன்னே என்று கத்தப்போனேன். அவள் உதடு நடுங்கியது.

குழந்தையை அவள் மார்பில் விட்டு, என் கையை மட்டும் முதுகில் வைத்திருந்தேன். அழுகை ஓய்ந்தது. பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தேன். கடைசி விரலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. மங்கலமே எடுத்துவிட்டாள்.