லூர்துவின் நூற்றுப் பத்து காலடி

பரேல், பம்பாய்
6 நவம்பர் 1977

அன்பு மாப்பிள்ளை லூர்துவுக்கு,

எட்மண்ட் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் தங்கை ஃப்ளோராவுக்கு இருமல் தேவலையா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கத்துவதைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும், நான் சொன்னதாகச் சொல்லாதே.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு எங்கள் பெயிண்ட் கம்பெனி மானேஜரை நம் வானவடி பிரதர்ஸ் ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கூட்டி வந்தேன் அல்லவா, மனிதர் அன்றிலிருந்து வேறு பேச்சே பேசுவதில்லை. நார்மனும் மற்றவர்களும் பந்தைச் சின்னச் சின்னதாகக் கொடுத்து வாங்கிக்கொண்டு போன அழகைப் பார்த்து நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இப்படி ஒரு டீமைத் தயார் செய்தது யார் என்று கேட்டார். டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் என் மைத்துனர் என்றேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

டீமை அப்படியே பம்பாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பதினான்கு பேருக்கும் பெர்மனென்ட் வேலை, தங்க அறை, பம்பாய் லீகில் ஆட்டம். பெயர் மட்டும் கம்பெனி பெயர். டிசம்பர் நான்காம் தேதி எங்கள் மைதானத்தில் ஒரு பரீட்சை ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும்.

கோபப்படாமல் யோசித்து எழுது.

உன் மச்சான்
எட்மண்ட்


வானவடி, பூனா
14 நவம்பர் 1977

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். இருமல் போய்விட்டது, கத்தல் போகவில்லை.

கோபப்படாமல் யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. வானவடி பிரதர்ஸில் வானவடியையும் எடுத்துவிட்டு பிரதர்ஸையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, பனியனா? பம்பாயில் இன்னொரு டீம் இல்லையென்று யார் அழுதார்கள்?

இந்த அக்டோபர் முதல் ஞாயிறுக்கு நீ வரவில்லை. மழை முடிந்து, கோல் கம்பங்களைக் கோயில் கொட்டகையிலிருந்து தூக்கி வந்து நட்டோம். வழக்கம்போல் நான் கோடு போட சுண்ணாம்பு பக்கெட்டோடு நடந்தேன். பூசை முடிந்த கூட்டம் முழுக்க என் பின்னால் எண்ணிக்கொண்டே வந்தது. நூற்றுப் பத்து காலடி, நூற்றுப் பத்து கஜம். வீட்டில் அம்மாவிடம் இந்தியில் சண்டை போடுகிற பிள்ளைகள்கூட நூற்றுப் பத்து வரை தமிழில் கணீரென்று எண்ணுகிறார்கள். மானேஜரின் மைதானத்தில் யார் எண்ணப் போகிறார்கள்?

ஆனாலும் உன் கடிதத்தை டீமிடம் மறைக்க மனம் வரவில்லை. வாசித்தேன். கேட்டுவிட்டு நார்மன், "அண்ணே, பெர்மனென்ட்னு எழுதியிருக்கிற இடத்த இன்னொரு தரம் வாசிங்க" என்றான். கேப்டனாக இருந்து என்ன, ஆறு வருடமாக டிப்போவில் தினக்கூலிதான்.

அதனால் பரீட்சைக்கு வருகிறோம். ஆனால் செக்ரட்டரி லூர்துவின் கையெழுத்து இல்லாமல் டீம் எங்கும் போகாது. அதை மானேஜருக்கும் சொல்லி வை.

உன்
லூர்து


பரேல், பம்பாய்
19 டிசம்பர் 1977

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. நம் ஆட்களுடைய ஒவ்வொரு பாஸும் போய்ச் சேர வேண்டிய காலுக்கு இரண்டு கஜம் முன்னாலேயே நின்றுவிட்டது. அரை மணியில் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நேற்று புரிந்தது.

நேற்று உங்கள் வீட்டில் தலைவலி என்று படுத்திருந்தேனே, அது பொய். நீங்கள் முதல் பூசைக்குப் போனதும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நம் மைதானத்துக்குப் போனேன். தொண்ணூற்றெட்டு கஜம். மூன்று தரம் அளந்தேன். அகலமும் அதே மாதிரி குறைவு.

உன் காலடி ஒரு கஜம் இல்லை, மாப்பிள்ளை. முப்பத்திரண்டு அங்குலம். ஒரு காலத்தில் கஜம்தான் இருந்தது. அறுபத்தொன்றில் பிராக்டிஸில் பந்தை விட்டுவிட்டு உன் இடது முட்டியை உதைத்தவன் நான். பதினாறு வருடத்தில் நீ ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மானேஜர் மயங்கிய அந்த ஆட்டமே உன் சின்ன மைதானத்தில் வளர்ந்ததுதான். வருகிற டீம்காரர்களெல்லாம் பூனாவில் கால் பறக்கிறது என்று சொல்வார்களே, ஓடுகிற தூரமே குறைவு என்றால் பறக்காமல் என்ன செய்யும்.

கெஞ்சி இன்னொரு பரீட்சை வாங்கியிருக்கிறேன், பிப்ரவரி 26. அளவு விஷயம் யாருக்கும் தெரியாது. நீ பேசாமல் இருந்தால் மறுபடி தோற்பார்கள், டீம் உன்னோடு இருக்கும். நானும் வாய் திறக்க மாட்டேன். உன்னிடம் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எட்மண்ட்


வானவடி, பூனா
3 ஜனவரி 1978

அன்புள்ள மச்சானுக்கு,

புத்தாண்டு ஆசீர் உனக்கும் பிள்ளைகளுக்கும்.

உன் கடிதத்தைத் துணிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் கால் நொண்டியதில் டீம் எனக்கே மிஞ்சப் போகிறது, நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நார்மன் வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தினமும் விடிகாலையில் ரேஸ்கோர்ஸைச் சுற்றி வாந்தி வரும்வரை ஓடுகிறானாம். "அண்ணே, எனக்கு மூச்சு பத்தல. என்னாலதான் தோத்தோம். மத்தவங்க வேலையும் என்னால போயிடக் கூடாது. என்னத் தூக்கிட்டு வேற ஆளப் போடுங்க" என்றான். மச்சான், நான் பார்த்த ஆட்டக்காரர்களில் அவனைப் போல் நல்லவன் ஒருவன் கிடையாது. அவனை அப்படி நினைக்க விட்டுவிட்டு நான் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னேன். உன் கடிதத்தில் அளவு எழுதியிருந்த இடத்தை வாசித்தேன். தப்பு என் காலடியில்தான், நார்மன் மூச்சில் இல்லை என்றேன். கோல்கீப்பர் ஜார்ஜ், "அப்ப போன வருஷம் நான் இந்தக் கோல்லேர்ந்து அடிச்சு அந்தக் கோலுக்குள்ள போட்டேனே, அது?" என்றான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது.

டேப்பை விரித்து வைத்துவிட்டு நான் பக்கெட்டோடு நடந்தேன். வழக்கம்போல் எண்ணினார்கள். நூற்றுப் பத்தில் கைதட்டிவிட்டு நின்றுவிட்டார்கள், எப்போதும் அங்கேதானே முடியும். மிச்சம் பதினாலு காலடியை நான் தனியாக எண்ணிக்கொண்டு நடந்தேன். ஃப்ளோரா மட்டும் கூட வந்தாள். வேலமுள்ளை வெட்டி, கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டாயிற்று. நூற்றிருபத்து நான்கு. இனி பிப்ரவரி வரை இதில்தான் ஓட்டம்.

ஜெயித்தால் கையெழுத்துப் போடுவேன். எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் எழுதி விடுகிறேன்.

கால் விஷயம். உதைத்தவன் நீதான். மூன்று மாதம் தினம் கஞ்சி கொடுத்துத் தங்கையை அனுப்பியவனும் நீதான். யாருக்கு நஷ்டம் என்று ஃப்ளோராவைக் கேட்டேன். "எனக்குத்தான்" என்கிறாள். அதோடு அந்தப் பேச்சை விடு.

உன்
லூர்து


பரேல், பம்பாய்
10 ஏப்ரல் 1978

அன்பு மாப்பிள்ளைக்கு,

டீமை ரயிலேற்ற நீ வரவில்லை என்று எல்லோருக்கும் வருத்தம். டிப்போவில் ஸ்டாக் எடுக்கும் நாள் என்று சொன்னாயாம். நான் நம்பினேன் என்று வைத்துக்கொள். ஃப்ளோரா கொடுத்தனுப்பிய லட்டு பாதி வழியில் லோனாவாலா ஸ்டேஷனைக்கூடத் தாண்டவில்லையாம்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்த அன்றே மானேஜர் என்னைக் கூப்பிட்டு, எட்டு வாரத்தில் ஒரு டீமின் ஆட்டத்தையே மாற்ற முடியுமா என்று கேட்டார். அந்த நீள பாஸ்களை அவர் எதிர்பார்க்கவில்லை. உன் கதை முழுவதையும் சொன்னேன். தன்னை விட்டுப் போவதற்கு ஒருவன் தன் டீமையே தயார் செய்வானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் கடிதம் இன்னும் பெட்டிக்கு அடியில்தான் இருந்திருக்கும்.

நேற்று ஞாயிறு. பிராக்டிஸுக்கு என்று பக்கத்து நிலத்தை ஒதுக்கியிருந்தார்கள். கோடு போட மைதானத்து ஆள் ஒரு மராட்டியர் டேப்போடு வந்தார். நார்மன் அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு சுண்ணாம்பு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். இடது காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்தான். எனக்குச் சுருக்கென்றது. "ஏண்டா நொண்டுற? கிண்டலா?" என்று கேட்டேன். அவன் நிஜமாகவே முழித்தான். "இல்லண்ணே. அளக்கிறப்ப இப்படித்தானே நடக்கணும்?" என்றான்.

அவன் பின்னால் பதின்மூன்று பேரும் எண்ணிக்கொண்டு போனார்கள். நூற்றுப் பத்தில் யாரும் நிற்கவில்லை. நூற்றிருபத்து நான்கு என்று கத்திவிட்டுக் கைதட்டினார்கள். மராட்டியர் நம்பாமல் டேப்பைப் பிடித்துப் பார்த்தார். நூற்றுப் பத்து கஜம், ஒரு சாண் கூடக் குறைய இல்லை.

நானும் பின்னால்தான் போனேன், மாப்பிள்ளை. ஆனால் எண்ண முடியவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு பேரும் கொடுத்திருக்கிறார்கள். நீ பக்கெட்டை எடுத்து வை, எண்ணுவதற்கு நாங்கள் வருகிறோம்.

உன் மச்சான்
எட்மண்ட்