வயிற்றுக்குள் தின்ற பங்கு

பத்து நிமிட அண்ணனுக்கு,

உன் காரியம் முடிந்து இன்று உன் பெட்டியைத் திறந்த அண்ணி, உன் வெள்ளைச் சட்டையை எனக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதற்குள் நான் மட்டுமல்ல, உழவர்கரை ஊரே குடியேறலாம். உன் அகலத்தின் மேல் எனக்கிருந்த பொறாமை ஒரு பொத்தான் குறையாமல் திரும்பி வந்தது.

நாம் இரட்டைப் பிள்ளைகள். நம்ப ஆளில்லை. நீ ஆலமரம், நான் அதன் காய்ந்த விழுது. உனக்கு மூக்கு, தோள், தெருப் பெண்களின் பார்வை. எனக்கு இழுப்பு. பேச்சு வந்த நாள்முதல் உன்மேல் குற்றம் சாட்டினேன்: "வயித்துக்குள்ளயே என் பங்கையும் நீதான்டா தின்னுட்ட."

நீயும் நம்பினாய். மில் வேலைக்குப் போன பிறகும் வஞ்சிரத்தின் நடுத்துண்டு என் தட்டுக்கே வந்தது. "தின்னுடா. அங்க விட்டத இங்க புடி" என்பாய். சக்கரவர்த்தி கப்பம் வாங்குவதுபோல் வாங்கிக்கொள்வேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம் உனக்கு இரட்டைப் பெண்கள். ஒரே அச்சில் வார்த்த முகங்கள், அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனால் ஒருத்தி பூசணி, ஒருத்தி பிஞ்சு. பிஞ்சு பிழைக்குமா என்று மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றாய். நான்காம் நாள் அது பால் குடித்தது.

"இனிமே பயமில்ல" என்றார் மாசேர், அந்தக் கன்னியாஸ்திரீ நர்சு. "ஒரே கரு ரெண்டா பிரிஞ்சிருக்கு. நஞ்சுக்கொடி ஒண்ணுதான். அதுல பெரியவ கூட இழுத்துக்கிட்டா."

"எங்கண்ணனும் அப்படித்தான் மாசேர். என் பங்க உறிஞ்சிட்டான்."

சன்னல் வழியே உன்னைப் பார்த்தார், பிறகு என்னை. "ஜாடையே இல்லியே. நீங்க ரெண்டு கரு. ஆளுக்கொரு நஞ்சு. உன் சோத்துல அவரு எப்படிக் கை வெப்பாரு?"

பிஞ்சு பிழைத்ததை ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். மற்றதை விழுங்கிவிட்டேன். அன்று மத்தியானமும் நடுத்துண்டு எனக்குத்தான்.

ஏழு வருடம் கழித்து, இன்றுதான் அண்ணியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அசரவே இல்லை.

"அவருக்கு அன்னிக்கே தெரியும். மாசேர் அவருகிட்டயும் சொல்லிட்டாங்க. 'அவங்கிட்ட வாய் தொறக்காத, அப்புறம் வாங்கித் தின்ன மாட்டான்'னாரு."

தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறாய். உன் மூக்கையும் தோளையும் முப்பத்தேழு வருடம் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை, அண்ணா.