தலை திரும்பினால் வண்டி திரும்பும்

ஸ்ரீபெரும்புதூர்,
18.6.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் தமிழ்மொழி எழுதுவது. இங்கே என் இடது முழங்கையைத் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. அந்த முழங்கைச் சங்கதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டு போன் அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் "ம்" என்று சொல்கிற விதத்திலேயே அம்மா முழுக் கதையையும் பிடித்துவிடுவாள். அதனால்தான் உங்கள் பஸ் டிப்போ முகவரிக்கு எழுதுகிறேன்.

பயப்படாதீர்கள், வெறும் சிராய்ப்பு. கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். புது மோட்டார் சைக்கிளைச் சோதனை ஓட்டுநர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து குறை சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். வளைவில் பின்பக்கம் ஆடுகிறது என்பார்கள். எப்படி ஆடுகிறது என்று கேட்டால், அதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும் என்று சிரிப்பார்கள். அடுத்தவர் அனுபவத்தையே எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. நானும் சோதனை ஓட்டுநராகிறேன் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. உள்ளே இருக்கிற ஓடுபாதையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார்.

நேர்ப்பாதையில் ஜோராகப் போனேன். முதல் வளைவில் ஓரத்து வாய்க்கால் கண்ணில் பட்டது. அதில் விழுந்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்தேன். அதிலேயே போய் விழுந்தேன்.

மேலாளர் திட்டவில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் வளைவு ஓட்டப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்கள், அதை முடித்துவிட்டு வந்து கேள் என்றார். கம்பெனியே அனுப்புகிறது. பெயர் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அன்பு மகள்,
தமிழ்மொழி


பெரம்பலூர் டிப்போ,
25.6.2006

அன்பு மகள் தமிழுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தைக் கண்டக்டர் தர்மராஜ்தான் வாங்கி வச்சிருந்தான். "பொண்ணு என்ன எழுதியிருக்கு"ன்னு கேட்டான். சம்பளம் ஏத்திக் குடுத்திருக்காங்களாம்னு ஒரு பொய் சொன்னேன். உன்னாலதான் அந்தப் பொய்.

சிராய்ப்புக்கு மருந்து போட்டியா இல்லையான்னு ஒரு வரி எழுதல. வாய்க்கால்ல தண்ணி இருந்துச்சா, கல்லு இருந்துச்சான்னும் எழுதல. நான் அரியலூர் டிரிப் முழுக்க அதையே நெனச்சுக்கிட்டுப் போனேன். உன்னை டிப்ளமோ படிக்க வச்சது, வெயில்ல நிக்காம நிழல்ல உக்காந்து வேலை பாக்கட்டும்னுதான். நம்ம வகையறாவுல எல்லாரும் அடுத்தவன் வயல்ல குனிஞ்சவங்க. அதுல மொதல்ல ஸ்டியரிங் புடிச்சவன் நான். புடிச்ச அன்னைக்கு உங்க தாத்தா சந்தோஷப்படல, பயந்துதான் போனாரு. இப்ப எனக்கு அது புரியுது.

போகாதேன்னு நான் சொல்லல. சொன்னாலும் பேரு குடுத்தாச்சு. ஒண்ணு மட்டும் கேக்குறேன். வளைவுல என்னதான் சொல்லித் தர்றாங்க? இத்தனை வருஷம் பஸ் ஓட்டுறேன், வளைவுக்குன்னு தனியா ஒரு பள்ளிக்கூடம் இருக்குன்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். விவரமா எழுது.

அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா,
சாமிதுரை


ஸ்ரீபெரும்புதூர்,
13.8.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

வாய்க்காலில் தண்ணீரும் இல்லை, கல்லும் இல்லை, சருகுதான் இருந்தது. மருந்து போட்டேன். முழங்கை ஆறிவிட்டது.

நேற்றும் இன்றும் பள்ளியில் முதல் பயிற்சி. நான் ஒருத்திதான் பெண். தோல் உடுப்பு எல்லாம் ஆண்களுக்குத் தைத்தது, கை விரலைத் தாண்டித் தொங்கியது. சொல்லித் தருகிறவர் பெயர் அறிவரசன். முன்பு பந்தயத்தில் ஓடியவர், அதிகம் பேசமாட்டார்.

நீங்கள் கேட்டதற்காக எழுதுகிறேன். வளைவுக்குள் போன பிறகு பிரேக் போடக் கூடாதாம். வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே, வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். உள்ளே போனதும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வர வேண்டும். அப்போதுதான் வண்டி பாதையில் ஒட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே கண். எங்கே போக வேண்டுமோ அங்கே பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது, முகவாயைத் தோளுக்குக் கொண்டுபோகிற மாதிரி தலையையே திருப்ப வேண்டும். தலை திரும்பினால் வண்டி திரும்பும் என்பார் சார்.

கேட்க எளிதாக இருக்கிறது. நேற்று நான் அதைச் செய்யவே இல்லை. வளைவில் ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் கூம்புகள் வைத்திருந்தார்கள். ஒன்று விடாமல் இடித்தேன். மற்றவர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் சார் என் வண்டிப் பக்கம் வந்து, என் கையுறையைக் கழற்றச் சொல்லி உள்ளங்கையைப் பார்த்தார். கொப்புளம் போட்டிருந்தது. "பயத்தை எல்லாம் கையில வச்சிருக்கீங்க. அங்கேருந்து இறக்குங்க, வண்டி தானா வளையும்" என்றார்.

இன்று மதியம் ஒரே ஒரு வளைவில் அது நடந்தது. தலையைத் திருப்பினேன், கையைத் தளர்த்தினேன். வண்டி சாய்ந்தது, நானும் கூடவே சாய்ந்தேன். கூம்பு இருந்த இடமே எனக்குத் தெரியவில்லை. அடுத்த வளைவில் மறுபடியும் இடித்தேன் என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பழகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்பு மகள்,
தமிழ்மொழி


பெரம்பலூர் டிப்போ,
24.9.2006

அன்பு மகள் தமிழுக்கு,

நல்லதும் கெட்டதுமா ரெண்டு சேதி இருக்கு. நல்லதை மொதல்ல சொல்லிடுறேன்.

நீ எழுதுனதைப் படிச்சுட்டு, பஸ்ஸுக்கு இதெல்லாம் ஆகுமான்னு ரெண்டு நாள் யோசனை. அரியலூர் போற வழியில புளியமரத்துக்கிட்ட ஒரு வளைவு வரும், உனக்குத் தெரியும். எதிர்ல சிமெண்டு லாரி வந்தா உள்ள போன பொறவு பிரேக்கை அழுத்துவேன். நிக்கிற சனம் மொத்தமும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாயும். ஆண்டாயின்னு ஒரு அம்மா, கீரைக்கூடை கொண்டு வரும். அந்த வளைவுல கூடை டிரைவர் சீட்டு வரைக்கும் வந்துரும். தெனமும் எனக்கு ஏச்சுதான்.

திங்கக்கிழமை, வளைவுக்கு ரொம்ப முன்னாலயே வேகத்தைக் குறைச்சேன். உள்ள போனதும் ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே போனேன். கண்ணை லாரி மேல வைக்காம, ரோடு போய் முடியுற எடத்துல வச்சேன். கூடை இருந்த எடத்துல இருந்துச்சு. தர்மராஜ் எட்டிப் பார்த்தான், தான் விசில் ஊதாமலே பஸ்ஸு நின்னுபோச்சுன்னு நெனச்சானாம். இத்தனை வருஷம் நான் தப்பா ஓட்டியிருக்கேன்னு தெரிஞ்சு வருத்தப்படணும். எனக்குச் சந்தோஷம்தான் வந்துச்சு.

இனி மத்தது. திருமானூர்ல இருந்து உனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு. மாப்பிள்ளை பேரு கலைச்செல்வன், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பையன். உங்க மாமா கொண்டு வந்தது. அவங்க பக்கத்து ஆளு ஒருத்தர் உன் கம்பெனியில இருக்காராம். நீ பைக்ல பந்தயப் பள்ளிக்கூடம் போறதை அவரு சொல்லி, அது மாமா வழியா அம்மா காதுக்கு வந்துருச்சு. எனக்கு முன்னாலயே தெரியும்னும் தெரிஞ்சுபோச்சு. வூட்டுல எனக்குச் சோறு மட்டும்தான் கெடைக்குது, பேச்சு இல்ல.

கல்யாணம் முடியுற வரைக்கும் நிறுத்தி வைக்க முடியுமான்னு மாமா கேக்கச் சொன்னாரு. கேட்டுட்டேன்.

அப்பா,
சாமிதுரை


ஸ்ரீபெரும்புதூர்,
26.11.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

கூடைச் சங்கதியைப் படித்துவிட்டு விடுதியில் தனியாகச் சிரித்தேன். அறிவரசன் சாரிடமும் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மாமா கேட்டதற்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் இப்போது கூம்பு இடிப்பதில்லை. மழை ஞாயிறுகளில்கூடப் போனேன். ஈரத்தில் கை இன்னும் மென்மையாக இருக்க வேண்டும், அதையும் பழகினேன். ஒரு நாள் முழங்காலில் கட்டியிருந்த பட்டை தரையில் உரசி ஒரு சத்தம் வந்தது. வண்டி அவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

பொங்கல் முடிந்து ஜனவரி 21 அன்று, பள்ளியில் பழகியவர்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்கள். எங்கள் மேலாளர் அதைப் பார்க்க வருகிறார். நான் எப்படி ஓட்டுகிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் சோதனைப் பிரிவில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். ஜெயிக்க வேண்டியதில்லை, ஒழுங்காக ஓட்டினால் போதும்.

கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வாத்தியார் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கல்யாணம் வரை நிறுத்து என்றால், அதற்குப் பிறகு யார் என்னைத் திரும்ப ஓட்டச் சொல்வார்கள்? இது எனக்கு விளையாட்டு இல்லை அப்பா, நான் பார்க்க விரும்புகிற வேலை.

நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன். ஆனால் மாமா சொன்னார், அம்மா சொன்னாள் என்று எழுதாதீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

அன்பு மகள்,
தமிழ்மொழி


ஸ்ரீபெரும்புதூர்,
22.1.2007

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நான் போனில் சொன்னபோதும் நீங்கள் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அம்மா பக்கத்தில் இருந்திருப்பாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கிளம்புகிற வரை காத்திருந்துவிட்டுப் போனேன். அது தவறென்றால் திட்டி எழுதுங்கள்.

விழவில்லை. பதினோரு பேரில் ஏழாவதாக வந்தேன். ஆறாவது வந்திருக்க வேண்டியது, கடைசியில் விட்டுவிட்டேன். மேலாளர் கை கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து சோதனைப் பிரிவு. அந்தப் பிரிவில் பெண் என்று யாரும் இதுவரை இருந்ததில்லையாம்.

எல்லாருடைய வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு என் மேல் கோபம் தீர்ந்ததும் சொல்லுங்கள், போன் செய்கிறேன்.

தமிழ்மொழி


வாலிகண்டபுரம்,
28.1.2007

என் அன்பு மகள் தமிழ்மொழிக்கு,

இந்தக் கடிதத்தை டிப்போவுல இருந்து எழுதல. நம்ம வூட்டுல உக்காந்து எழுதுறேன். அம்மா எதிர்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா. நான் எழுத எழுதப் படிச்சுக் காட்டச் சொல்றா.

உனக்குப் பதில் போட நானும் பலவாட்டி உக்காந்தேன். "போ"ன்னு எழுதப் பயமா இருந்துச்சு. போகாதேன்னு எழுத மனசு வரல. அதுக்குள்ள திருமானூர்க்காரங்க தட்டு மாத்த நாள் கேட்டு வந்தாங்க. வந்த எடத்துல, பொண்ணு இனிமே வண்டி ஓட்டாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னாங்க. அம்மா என்னைப் பார்த்தா. உங்க மாமாவும் பார்த்தாரு. "ஓட்டுவா. அவ வேலையே அதுதான்"னு சொல்லிட்டேன். எழுதத்தான் வரலயே ஒழிய, சொல்ல வந்துருச்சு. அவங்க கோவப்படல, காப்பியக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மாமாதான் இன்னும் வூட்டுப் பக்கம் வரல.

அம்மா கொஞ்ச நாளு அழுதா. பொறவு ஒரு நாள், "நல்ல எடத்தை வேணாம்னு சொல்ற அளவுக்கு அது என்ன வேலை? என்னைக் கூட்டிட்டுப் போங்க, நான் பாக்கணும்"னா.

தமிழு, நாங்க வந்திருந்தோம்.

விடியறதுக்கு முன்னாலயே திருச்சிப் பக்கமிருந்து வந்த மெட்ராஸ் பஸ்ஸைப் புடிச்சு, விசாரிச்சு விசாரிச்சு வந்து சேர்ந்தோம். கம்பி வேலி ஓரமா, வளைவு நல்லாத் தெரியுற எடமாப் பார்த்து நின்னோம். மொதல்லயே வந்து உன்னைப் பாக்கலாம்னு அம்மா சொன்னா. நான்தான் வேணாம்னேன். எங்களைப் பார்த்தா உன் கையில மறுபடியும் பயம் ஏறிக்கும்னு தோணுச்சு.

எல்லாரும் ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி சத்தம். நீ எதுன்னு அம்மா கேட்டா. வளைவு வர்றதுக்கு முன்னாலயே ஒரு வண்டி வேகம் கொறஞ்சு, ஒரு தலை தோளுப் பக்கம் திரும்புச்சு. அதுதான்னேன். மத்தவங்க உள்ள வந்து தடுமாறுனாங்க. நீ கோடு இழுத்த மாதிரி உள்ள வந்து வெளிய போன. சாய்ஞ்சது சாய்ஞ்சபடி, ஒரு ஆட்டம் இல்ல. மொத சுத்துல அம்மா கண்ணை மூடிக்கிட்டா. ரெண்டாவது சுத்துல என் கையைப் புடிச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் கையை விட்டுட்டு வேலியைப் புடிச்சுக்கிட்டா. பக்கத்துல ஒருத்தரு, அவரு பையன் ஓட்டுறதைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. "அந்த ஆளு வளைவை அழகா எடுக்குறாரு, யாரு அது"ன்னு என்னைக் கேட்டாரு. எம் பொண்ணுன்னேன். அவரு திரும்பி என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. இன்னொரு தடவ கேக்க மாட்டாரான்னு இருந்துச்சு எனக்கு.

முடிஞ்சதும் உன்கிட்ட வரத்தான் கெளம்புனோம். நீ அந்த ஹெல்மெட்டுத் தொப்பியைக் கழட்டிட்டு அந்தப் பயலுவளோட வண்டியைத் தள்ளிக்கிட்டு, கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்லிக்கிட்டு இருந்த. அவங்க எல்லாம் நின்னு கேட்டாங்க. அம்மா என் சட்டையைப் புடிச்சு நிறுத்திட்டா. "விடுங்க, அவ வேலையா இருக்கா"ன்னா. எனக்கும் மறுநாள் காலை டூட்டி இருந்துச்சு. திரும்பிட்டோம். நீ மரத்தடியில அடுத்தவங்க சோத்தைச் சாப்பிட்டன்னு எழுதுனதைப் படிச்சுட்டு, வந்திருக்கலாமேன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். அடுத்த தடவ அம்மா புளிச்சோறு கட்டிக்கிட்டு வர்றாளாம். நான் சொல்லல, அவளே சொல்றா.

திரும்பி வர்ற பஸ்ஸுல விழுப்புரம் வரைக்கும் அம்மா சன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தா. கோவம் இன்னும் தீரலைன்னு நெனச்சேன். அப்பத்தான் என் பக்கம் திரும்பி ஒரு சேதி சொன்னா. உனக்குக் கட்டாயம் எழுதச் சொன்னா. இப்பவும் வெங்காயத்தைக் கீழ வச்சுட்டு, எழுதியாச்சான்னு கேக்குறா. அவ சொன்னபடியே எழுதிடுறேன்.

"கடைசிச் சுத்துல மஞ்சத் தொப்பி போட்ட ஒருத்தன் உள்பக்கமா நொழைஞ்சு இவள முந்திக்கிட்டுப் போனானே, அவன அடுத்த தடவ உடக் கூடாதுன்னு எழுதுங்க."

அப்பா சாமிதுரை,
அம்மா இருசம்மாள்