பொய் என்று சொன்னது நான்தான்

என் ஒரே அண்ணா,

முதலில் ஒரு திருத்தம். சினிமாக் கொட்டகையில் நான் திரையோடு சண்டை போட்டேன், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சித்தூரில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் சண்டை போடவில்லை. எழுந்து நின்று "பொய்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். வேலூர் கான்வென்டில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

விதவைக்கு இந்த வயதில் படம் என்ன என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். முக்காடு போட்டுக்கொண்டு போகவில்லை. மத்தியான ஆட்டத்துக்கு நாற்காலி டிக்கெட் வாங்கி, நட்ட நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். நீ இருந்தால் "நல்லா செஞ்ச போ" என்றிருப்பாய். பத்திரிகையில் அச்சாகும் கடிதத்திலும் உன்னை நீ என்றே எழுதுகிறேன். வீட்டில் அப்படித்தானே?

அது பழைய இங்கிலீஷ் படம், ஒற்றர்களைப் பற்றியது. பேர்போன படமாம். அந்த மாதிரிப் படம் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இரண்டு தேசங்களுக்கு நடுவே சண்டை மூளும் நேரம். ஒருவன் வேஷம் மாற்றி எதிராளிகளோடு தங்குகிறான், அவர்கள் பாஷை பேசுகிறான், அவர்களோடு சாப்பிடுகிறான். எனக்குப் பின்னால் இருந்தவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "இன்னாம்மா சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு சந்தையில் அந்த ஒற்றனை அவன் தாய் பார்த்துவிடுகிறாள். ஓடிவந்து கையைப் பிடிக்கிறாள். அவன் உதறிவிட்டு, "இந்தக் கிழவி யார்?" என்று சிரிக்கிறான். அவள் போய்விடுகிறாள். அவள் போன பிறகு அவன் முகத்தைக் காட்டினார்கள், அண்ணா.

"இப்போ இன்னா சொல்றான்?" என்றார் பின்னால் இருந்தவர்.

"ஒன்றும் சொல்லவில்லை" என்றேன். எனக்குத் திருப்பதி நினைவு வந்துவிட்டது.

ஆந்திரா பிரிந்து, நகரிப் பக்கத்து நம் ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று இழுபறியாக இருந்த சமயம் அது. எந்த ஊரில் எத்தனை வீடு தமிழ், எத்தனை வீடு தெலுங்கு என்று இரண்டு தரப்பாரும் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். தெலுங்குத் தரப்பார் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கி எழுதினார்கள். கோவிலுக்குப் போயிருந்த நான் அந்தச் சத்திரத்துப் பந்தியில் உன்னைப் பார்த்தேன். தலை மொட்டை. வேண்டுதல்களைக் கேலி செய்தே வாழ்ந்த உனக்கு மொட்டை! "அண்ணா" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்து, "எவரம்மா மீரு?" என்றாய். யாரம்மா நீங்கள் என்று, என்னைப் பார்த்து. பந்தியே சிரித்தது. நான் வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

திருப்பதியில் மொட்டைத் தலையை யார் கவனிப்பார்கள்? அதைவிடத் தோதான வேஷம் உண்டா? இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவில்லை.

தெலுங்குத் தரப்போடு சேர்ந்து ஊரைக் காட்டிக்கொடுத்தவன் என்று உன்னைச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போய், நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றதும், "எல்லாம் உங்க அண்ணன் புண்ணியம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். நீ இரண்டு தடவை என் வாசலுக்கு வந்தாய். கதவைத் திறக்கவில்லை. நீ கண்மூடியபோது, மனைவி மக்கள் இல்லாத உன்னைத் தூக்க ஊரில் ஆள் வரவில்லை. ரேணிகுண்டா ரயில்வேயில் உன்னோடு வேலை பார்த்த கலாசிகள் வந்து தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் தெலுங்கர். நான் தெருக்கோடியில் நின்றேன். இதையும் எழுதிவிடுகிறேன். என் தப்பை மற்றவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தின் கடைசியில், ஒற்றனை அனுப்பிய அதிகாரியிடம் அவனைப் பற்றிக் கேட்கிறார்கள். சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டே, "அப்படி ஒருவனை எனக்குத் தெரியாது" என்கிறார். அங்கேதான் எழுந்தேன். "யம்மா, குந்தும்மா, மறைக்குது!" என்று கத்தினார்கள். "ஆயா அந்தாள கீழ எறங்கி வரச் சொல்லுது டோய்!" என்றான் ஒருவன். கொட்டகை சிரித்தது. சிரிக்கட்டும்.

மறுநாள் காலை, தமிழ்த் தரப்பு எல்லைக் கமிட்டியில் செயலாளராக இருந்த வக்கீல் வீட்டுக்குப் போனேன். அந்த நாளில் நீ அங்கே போய்வந்தது எனக்குத் தெரியும். காபி கொடுத்தார். அதைத் தொடாமல், "என் அண்ணனைச் சத்திரத்துக்கு அனுப்பியது நீங்களா?" என்றேன்.

"இப்போ எதுக்கும்மா அதைக் கிளறிக்கினு? எல்லைதான் முடிஞ்சுபோச்சே."

"எல்லை முடிந்தது. என் கேள்வி முடியவில்லை."

எழுந்து ஜன்னலைச் சாத்தினார். என்னைப் பார்த்தார். "நான்தான் அனுப்பிச்சேன். எந்தெந்தத் தமிழ் வீட்டைத் தெலுங்குக் கணக்குல எழுதிக்கிறாங்கன்னு பாத்துக்கினு வந்து சொன்னாரு. அதை வச்சுத்தான் ஆட்சேபணை போட்டோம். கூடப் பொறந்தவங்களுக்குக்கூடத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்."

"எங்கள் ஊருக்கு வந்து இதைச் சொல்லுங்கள்."

"அது முடியாதும்மா. திருட்டுத்தனமா ஆள் அனுப்பினோம்னு ஆயிடும். கமிட்டி பேரு கெட்டுப்பூடும்."

கலைந்துபோன கமிட்டிக்குக் கெடுவதற்கு ஒரு பேர் இருக்கிறதாம். உனக்கு இல்லையாம்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். எல்லை முடிந்த பிறகுமா அந்தச் சத்தியம்? மூடின கதவுக்கு வெளியே நின்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, நானாகக் கேட்பேன் என்று காத்திருந்தாயா?

ஒன்று மட்டும் வார்த்தை கொடுக்கிறேன். உன் வருஷத் திதியை நம் ஊரில், நடுத்தெருவில் பந்தல் போட்டு, நான் நடத்துவேன். ஒரு வீடு விடாமல் நானே போய் அழைப்பேன். நீ யார், எதற்காக மொட்டை போட்டாய் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்வேன். என்னைப் பைத்தியம் என்பவர்கள் அன்றைக்கும் சொல்லிக்கொள்ளட்டும்.

கொஞ்சம் இரு அண்ணா, அவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். வக்கீல் ஐயா, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது, மேஜைமேல் பார்த்தேன். என்னிடம் வாயால் சொன்னதை இரண்டு வரியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்குத் தபாலில் அனுப்புங்கள்.

உன் தங்கை,
சித்தூர்